ஃப்ளாப்புக்கு முன் ரீரைஸ்: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மொட்டை மாடியில், சனிக்கிழமை மாலைகளில் வெயில் தணிந்த பிறகு, நாங்கள் ஆறு பேர் கூடி டெக்சாஸ் ஹோல்டம் போக்கர் ஆடுகிறோம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகவும், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவிலும் வரும் ஆட்டம் அது. ஆளுக்கு 200 புளியங்கொட்டை. சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு இருக்கைக்காரர்கள் கட்டாயமாகப் போடுவது பிளைண்ட்: சின்ன பிளைண்ட் 1 கொட்டை, பெரிய பிளைண்ட் 2 கொட்டை. இணையத்தில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. அதற்கு வெகு முன்பிருந்தே எங்கள் மாடியில் காசுக்கு இடமில்லை. ஆனால் கொட்டையை வைத்து ஆடினாலும் கணக்கு மாறுவதில்லை. கீழே வரும் எண்கள் எல்லாவற்றையும் அந்தக் கொட்டைக் கணக்கிலேயே சொல்கிறேன்.

ஒருவர் ஆட்டத்தைத் திறந்து தொகையை உயர்த்திய பிறகு, ஃப்ளாப் சீட்டுகள் (நடுவில் முதலில் வரும் மூன்று பொதுச் சீட்டுகள்) திறக்கப்படும் முன்பே இன்னொருவர் அதற்கு மேல் உயர்த்துவதுதான் ரீரைஸ். பிளைண்டை முதல் பந்தயம் என்றும் திறந்தவரின் உயர்த்தலை இரண்டாவது என்றும் எண்ணுவதால் இதற்குத் த்ரீ-பெட் என்ற பெயரும் உண்டு. இதற்கும் மேலே திறந்தவர் மறுபடி உயர்த்தினால் அது ஃபோர்-பெட்.

இதில் நேரும் பிழையின் சிக்கல் என்னவென்றால், அது நடக்கும் இடம் ஒன்று, வெளியே தெரியும் இடம் வேறொன்று. கடைமடை காய்ந்து கிடந்தால் ஏரியின் மதகைப் போய்ப் பார்ப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஃப்ளாப்பிலும் கடைசிச் சீட்டிலும் கொட்டையை இழந்து திகைக்கிறவர் அந்தச் சீட்டுகளையே வெறித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, ரீரைஸ் செய்த கணத்துக்குத் திரும்பிப் போய் மூன்றைச் சோதிக்க வேண்டும்: எந்த இருக்கையிலிருந்து திறந்தவரை எந்த இருக்கையிலிருந்து எதிர்த்தோம், எவ்வளவுக்கு உயர்த்தினோம், இருவரிடமும் மீதம் எவ்வளவு இருந்தது. இருக்கை, அளவு, மீதம் என்ற இந்த வரிசையில் பார்த்தால் பெரும்பாலான பிழைகள் சிக்கிவிடும்.

அறிகுறி: ரீரைஸ் செய்தும் யாரும் சீட்டைக் கவிழ்ப்பதில்லை

சீட்டைக் கவிழ்ப்பது என்றால் அந்தக் கையிலிருந்து விலகிக்கொள்வது. முதலில் அளவைச் சோதியுங்கள். எங்கள் வட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் சில வாரங்கள் இதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஃப்ளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாகப் பேசும், அதாவது தன் முடிவைச் சொல்லும், இருக்கைதான் பட்டன். அதற்கு முந்தைய இருக்கைக்காரர் 5 கொட்டைக்குத் திறப்பார். இவர் பட்டனிலிருந்து 10 கொட்டைக்கு உயர்த்துவார். திறந்தவரான, குடியாத்தத்திலிருந்து வரும் எங்கள் மூத்தவர், “இன்னாப்பா, இன்னும் அஞ்சு கொட்டதானே, பார்த்துட்டுப் போறேன்” என்று சொல்லி எந்தச் சீட்டையும் விடாமல் உள்ளே வருவார். அவர் சொன்னது முற்றிலும் சரியான கணக்கு. நடுவில் 10ம் 5ம் பிளைண்டுகளின் 3ம் சேர்ந்து 18 கொட்டை கிடக்கிறது. அதை வெல்ல அவர் போட வேண்டியது 5 மட்டுமே. நூற்றுக்கு 22 முறை வென்றாலே அவருக்கு அது கட்டுப்படியாகும். அநேகமாக எந்தக் கையும் அந்த அளவுக்கு வெல்லும்.

அதே இடத்தில் 15க்கு உயர்த்தியிருந்தால், அவர் 23ஐ வெல்ல 10 போட வேண்டும். தேவை நூற்றுக்கு 30க்கு ஏறிவிடுகிறது. ஃப்ளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் நமக்கு முன்னால் பேச வேண்டிய இடத்தில் அவர் இருப்பதால், உண்மையில் அவருக்குத் தேவைப்படுவது இதைவிடவும் கூடுதல். ஆகவே நாம் பின்னால் பேசும் இருக்கையில் இருந்தால் திறந்த தொகையைப் போல 3 மடங்கும், பிளைண்டுகளில் உட்கார்ந்து முன்னால் பேச வேண்டியிருந்தால் 4 மடங்கோ அதற்குச் சற்று மேலோ உயர்த்துவது நல்ல வழக்கம். பெரிய பிளைண்டிலிருந்து 20க்கு உயர்த்தும்போது எதிராளி 26ஐ வெல்ல 15 போட வேண்டும்; அவருக்கு நூற்றுக்கு 37 தேவைப்படுகிறது. இருக்கையில் நாம் இழந்ததை விலையில் ஈடுகட்டுகிறோம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

நடுவில் ஏற்கனவே கால் செய்தவர்கள் (மேலே உயர்த்தாமல் அதே தொகையைப் போட்டு உள்ளே வந்தவர்கள்) இருந்தால், ஒவ்வொருவருக்கும் திறந்த தொகை ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் 5க்குத் திறந்து இருவர் கால் செய்திருக்க, பெரிய பிளைண்டில் இருப்பவர் வழக்கமான 20க்கே உயர்த்தினால் மூவரும் உள்ளே வந்துவிடுவார்கள். 30க்கு உயர்த்த வேண்டிய இடம் அது.

அளவைச் சரிசெய்த பிறகும் ஒருவர் கவிழ்ப்பதே இல்லை என்றால், பிழை அளவில் இல்லை. அவரை எதிர்த்து நீங்கள் ப்ளஃப் செய்வதில், அதாவது பலவீனமான கையோடு உயர்த்தி விரட்டப் பார்ப்பதில், இருக்கிறது. எதையும் விடாதவரிடம் ப்ளஃபை அடியோடு நிறுத்திவிட்டு, பத்து ஜோடி முதல் மேலே உள்ள ஜோடிகளையும் ஏஸ்–கிங், ஏஸ்–குயின் போன்றவற்றையும் வைத்து இன்னும் பெரிய தொகைக்கு உயர்த்துங்கள். குடும்பத்தோடு கூடி ஆடும் இடங்களில் எனக்குத் தெரிந்தவரை இது ஒன்றே போதுமான உத்தி.

அறிகுறி: நான் ரீரைஸ் செய்தால் எல்லோரும் கவிழ்த்துவிடுகிறார்கள், ஏஸ் ஜோடிக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை

இந்த அறிகுறியைச் சொல்லி வருத்தப்படுகிறவரிடம் நான் முதலில் கேட்பது, எந்தெந்தக் கைகளை வைத்து ரீரைஸ் செய்கிறீர்கள் என்பதுதான். விடை அநேகமாக ஒன்றாகவே இருக்கும்: குயின் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ் ஜோடி, ஏஸ்–கிங். 52 சீட்டில் இரண்டு சீட்டுக் கைகள் 1,326 வகையாக வரலாம். ஒவ்வொரு ஜோடியும் 6 வகை, ஏஸ்–கிங் 16 வகை; ஆக இவர் ரீரைஸ் செய்வது 34 வகைகளில் மட்டுமே. 39 முறை சீட்டுப் போட்டால் ஒரு முறைதான் இவருக்கு அப்படிப்பட்ட கை வரும். ஒரு மாலையில் இரண்டு மூன்று முறை மட்டும் வாய் திறக்கிறவர் திறந்தால் என்ன சொல்லப் போகிறார் என்று மேசையில் உள்ள அனைவருக்கும் தெரிந்துவிடும்.

இதற்கான மருந்து, பலமான கைகளோடு சில ப்ளஃப் கைகளையும் சேர்ப்பது. எதைச் சேர்ப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஏஸுடன் 5 அல்லது 4, அதுவும் இரண்டும் ஒரே சின்னத்தில் இருக்கும் கைதான் முதல் தேர்வு. ஏன் என்பதை ஒரு சீட்டுக்கட்டை எடுத்து நீங்களே பார்த்துவிடலாம். ஸ்பேட் ஏஸையும் ஸ்பேட் 5ஐயும் எடுத்து உங்கள் முன் வையுங்கள். மீதி உள்ள ஏஸ்கள் ஹார்ட்டின், டைமண்ட், கிளாவர் என மூன்று. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாருங்கள்: ஹார்ட்டினும் டைமண்டும், ஹார்ட்டினும் கிளாவரும், டைமண்டும் கிளாவரும். எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருக்கக்கூடிய வழி 6லிருந்து 3 ஆகிவிட்டது. ஏஸ்–கிங் 16லிருந்து 12 ஆகிவிட்டது. நம்மைத் திருப்பி அடிக்கக்கூடிய 22 வகைகளில் 7ஐ நம் கையில் உள்ள ஒரே ஒரு சீட்டு தடுத்துவிட்டது. இதையும் மீறி ஒருவர் கால் செய்தாலும், ஐந்து ஸ்பேட் சேர்வதற்கும், ஏஸ் முதல் 5 வரை வரிசை அமைவதற்கும் நமக்கு வழி இருக்கிறது. 9–3 போன்ற கையில் இந்த இரண்டுமே கிடையாது. அதை வைத்து ப்ளஃப் செய்கிறவர் துணிச்சலை மட்டுமே நம்புகிறார்.

எத்தனை முறை எதிராளி கவிழ்த்தால் இது கட்டுப்படியாகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டனிலிருந்து 15 கொட்டை போட்டு, நடுவில் கிடக்கும் 8ஐ வெல்ல முயல்கிறோம். கால் செய்யப்பட்டால் நமக்கு ஒன்றுமே கிடைக்காது என்று வைத்துக்கொண்டாலும், 23 முறைக்கு 15 முறை, அதாவது நூற்றுக்கு 65 முறை எல்லோரும் கவிழ்த்தால் முதல் தேறிவிடும். ஆகவே எல்லோரும் எப்போதும் கவிழ்க்கிறார்கள் என்ற குறை உண்மையாக இருந்தால், அது நோயே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் 8 கொட்டை போட்டியின்றி வருகிறது. அவர்கள் எதிர்க்கத் தொடங்கும் வரை இந்த ப்ளஃப் கைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாம்.

முதல் இருக்கையிலிருந்து திறந்தவரை எதிர்த்து இதைச் செய்ய வேண்டாம். ஆறு பேர் மேசையில் முதலில் பேசுகிறவர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக் கைகளைத்தான் திறப்பார். பட்டனில் இருப்பவர் பாதியளவு கைகளைக்கூடத் திறக்கலாம். ப்ளஃப் எடுபடுவது இரண்டாமவரிடம்தான்.

அறிகுறி: ஃப்ளாப்பில் ஏஸ் வருகிறது, என்னிடமும் ஏஸ் இருக்கிறது, ஆனாலும் தோற்கிறேன்

இது என்னை நெடுநாள் வாட்டிய பிழை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். முதல் இருக்கைக்காரர் 5க்குத் திறந்தார். பட்டனில் என்னிடம் வெவ்வேறு சின்னத்தில் ஏஸ்–குயின். அழகான கை என்று எண்ணி 15க்கு உயர்த்தினேன். அவர் மட்டும் கால் செய்தார். நடுவில் 33 கொட்டை. ஃப்ளாப்பில் ஏஸ், 9, 4. நான் 12 போட்டேன், அவரும் போட்டார். நான்காவது சீட்டில் 30, ஐந்தாவது சீட்டில் 60. ஒவ்வொரு முறையும் அவர் அமைதியாகக் கொட்டைகளை எண்ணி நடுவில் தள்ளினார். கடைசியில் ஏஸ்–கிங்கைத் திருப்பிக் காட்டினார். ஒரே கையில் 117 கொட்டை போயிற்று.

அன்று இரவு முழுக்க ஐந்தாவது சீட்டில் 60 போட்டதுதான் தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கட்டைப் பிரித்து எண்ணிய பிறகே தவறு எங்கே என்பது விளங்கியது. முதல் இருக்கையிலிருந்து திறந்து, பிறகு ரீரைஸையும் ஏற்கிறவர் ஏஸ்–ஜாக்கை வெவ்வேறு சின்னத்தில் வைத்திருந்தால் அதைக் கவிழ்த்திருப்பார். ஒரே சின்னத்தில் இருந்தால் மட்டுமே தொடர்வார். ஃப்ளாப்பில் ஒரு ஏஸும் என் கையில் ஒரு ஏஸும் போய்விட்டதால் அவரிடம் ஏஸ்–கிங் இருக்க 8 வழி, அந்த ஏஸ்–ஜாக் இருக்க 2 வழி. என்னை வெல்லும் ஏஸ் நான்கு, என்னிடம் தோற்கும் ஏஸ் ஒன்று என்ற விகிதம் அது. தோற்கும் கைகளையெல்லாம் ரீரைஸ் செய்து நானே விரட்டிவிட்டு, வெல்லும் கைகளை மட்டும் உள்ளே இழுத்து வைத்திருந்தேன்.

ஏஸ்–கிங்கும் ஏஸ்–குயினும் மோதினால் ஏஸ்–குயின் வெல்வது சுமார் நான்கில் ஒரு முறைதான். கிங்–குயின், ஏஸ்–ஜாக், கிங்–ஜாக் ஆகியவை வெவ்வேறு சின்னத்தில் இருந்தாலும் இதே கதிதான். முதல் இருக்கைகளிலிருந்து திறந்தவரை எதிர்த்து இவற்றில் ஏஸ்–குயினைக் கால் செய்து பார்க்கலாம், மற்றவற்றைக் கவிழ்த்துவிடலாம். அதே ஏஸ்–குயினை வைத்து, பட்டனிலிருந்து திறந்தவரைப் பிளைண்டிலிருந்து ரீரைஸ் செய்வது மிகச் சரியான ஆட்டம். ஏனென்றால் அவர் ஏஸ்–10, ஏஸ்–9, கிங்–குயின் என்று பலவீனமான கைகளோடும் வந்திருப்பார், அவற்றில் சிலவற்றோடு கால் செய்யவும் செய்வார். ஒரே இரண்டு சீட்டு, எதிராளியின் இருக்கை மாறியதும் வேறு கையாகிவிடுகிறது.

அறிகுறி: ஜாக் ஜோடியோ பத்து ஜோடியோ வைத்து ரீரைஸ் செய்கிறேன், ஃப்ளாப்பில் பெரிய சீட்டு வந்ததும் கை நின்றுவிடுகிறது

பெரிய சீட்டு வருவதை அபசகுனமாக எண்ண வேண்டாம். அது வருவதுதான் இயல்பு. ஜாக் ஜோடி வைத்திருக்கும்போது ஃப்ளாப்பில் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 57. பத்து ஜோடிக்கு 69க்கும் மேல். குயின் ஜோடிக்கே 41. வழக்கமாக நடக்கப்போவதற்கு நாம் முன்கூட்டியே விடை வைத்திருக்க வேண்டும்.

சோதனை மறுபடியும் இருக்கையில் தொடங்குகிறது. முதல் இருக்கைக்காரரை எதிர்த்து ஜாக் ஜோடியோடு ரீரைஸ் செய்தால், கால் செய்கிற கைகளில் பெரும்பகுதி நம்மைவிடப் பெரிய ஜோடியாகவோ ஏஸ்–கிங்காகவோ இருக்கும். அங்கே கால் செய்து, நடுவில் கொட்டை குறைவாக இருக்கும்படி ஆடுவதே நல்லது. கடைசி இருக்கைகளிலிருந்து திறந்தவரை எதிர்த்து என்றால் தயங்காமல் ரீரைஸ் செய்யலாம். 7 ஜோடி, 8 ஜோடி, ஏஸ்–10 எல்லாம் நமக்குக் கொட்டை தருவதற்குக் காத்திருக்கும்.

அப்படிச் சரியான இருக்கையில் ரீரைஸ் செய்து, நடுவில் 33 இருக்க, ஃப்ளாப்பில் கிங், 7, 2 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிங் ஜோடியும் ஏஸ்–கிங்கும் ரீரைஸ் செய்தவரிடம்தான் அதிகம் இருக்கும் என்பதை எதிராளியும் அறிவார். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 11 கொட்டை போடுங்கள். நான்கில் ஒரு முறை அவர் கவிழ்த்தாலே அந்த 11 தனக்குத் தானே கூலி கொடுத்துவிடும். அவர் கால் செய்தால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அடுத்த சீட்டில் ஒன்றும் போடாமல் பார்க்கலாம். பயந்து 33ஐயும் போடுவதும், பயந்து ஒன்றுமே போடாமல் விட்டுக்கொடுப்பதும் ஒரே கோளாறின் இரண்டு பக்கங்கள்.

அறிகுறி: சின்ன பிளைண்டிலிருந்து எதைச் செய்தாலும் நட்டம்

அந்த இருக்கையின் இயல்பே அப்படித்தான். கால் செய்தால் பெரிய பிளைண்டும் மலிவாக உள்ளே வருவார், ஃப்ளாப்புக்குப் பிறகு எல்லோருக்கும் முன்னால் நாம் பேச வேண்டும். ஆகவே கால் செய்வதைக் கூடியவரை தவிர்த்து, ரீரைஸ் அல்லது கவிழ்ப்பு என்ற இரண்டே வழிகளை வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

அறிகுறி: ரீரைஸ் செய்த பிறகு எதிராளி முழுவதையும் தள்ளுகிறார், கவிழ்க்கவும் மனமில்லை, கால் செய்யவும் துணிவில்லை

மீதத்தைச் சோதியுங்கள். உங்களிடம் 50 கொட்டைதான் இருக்கிறது என்றால், 5க்குத் திறந்தவரை 15க்கு உயர்த்துவதே பிழையான ஆட்டம். அவர் முழுவதையும் தள்ளினால், நடுவில் அவருடைய 50, உங்கள் 15, பிளைண்டுகளின் 3 என 68 கிடக்கும். நீங்கள் 35 போட வேண்டும். நூற்றுக்கு 34 முறை வென்றால் போதும் என்ற அந்த விலையில் கவிழ்ப்பது வலிக்கும், ஏஸ்–5 போன்ற கையோடு கால் செய்வதும் வலிக்கும். 40, 50 கொட்டை மீதம் இருக்கும்போது ப்ளஃபாக உயர்த்த விரும்பினால் ஒரேயடியாக முழுவதையும் தள்ளிவிடுங்கள். கடைசி முடிவை எடுக்கும் பாரம் எதிராளியின் தலையில் விழட்டும். அதற்கு மனமில்லை என்றால் கவிழ்த்துவிடலாம்.

இருவரிடமும் 200 இருந்து, அவர் 35 அளவுக்கு ஃபோர்-பெட் செய்யும் இடம் வேறு வகை. அங்கே பலர் செய்யும் பிழை, நன்றாகக் கால் செய்யக்கூடிய கையைக் கொண்டுபோய் ப்ளஃபாக ஆக்குவது. 9 ஜோடியை வைத்து முதல் இருக்கைக்காரரை ரீரைஸ் செய்து, ஃபோர்-பெட் வந்ததும் கவிழ்க்கிறார்கள். எட்டில் ஒன்று என்ற அளவில் ஃப்ளாப்பில் மூன்றாவது 9 வரும் வாய்ப்பை, மலிவான விலையில் பார்த்திருக்கக்கூடிய அந்த வாய்ப்பை, தாமே தூக்கி எறிந்துவிட்டார்கள். ஃபோர்-பெட் வந்தால் வருத்தமின்றிக் கவிழ்க்கக்கூடிய கைகளைத்தான் ப்ளஃபுக்கு எடுக்க வேண்டும். ஏஸ்–5 அப்படிப்பட்டது, 9 ஜோடி அப்படிப்பட்டதல்ல.

ஏஸ்–கிங்கை வைத்துக்கொண்டு ஃபோர்-பெட்டைச் சந்திப்பது எதிராளியைப் பொறுத்தது. ப்ளஃபும் செய்யக்கூடியவர், குயின் ஜோடியோடும் தள்ளக்கூடியவர் என்றால் தாராளமாக முழுவதையும் வைக்கலாம். குயின் ஜோடிக்கு எதிரே ஏஸ்–கிங் நூற்றுக்கு 43 முதல் 46 வரை வெல்லும். ஆண்டுக்கணக்கில் ஏஸ் ஜோடிக்கும் கிங் ஜோடிக்கும் மட்டுமே ஃபோர்-பெட் செய்கிறவர் என்று தெரிந்தால் ஏஸ்–கிங்கையும் கவிழ்த்துவிடுங்கள். அந்த இரண்டு ஜோடிகளுக்கும் எதிரே அது சராசரியாக ஐந்தில் ஒரு முறைதான் தேறும். எங்கள் மேசையில் அப்படி ஒருவர் இருக்கிறார். அவருடைய ஃபோர்-பெட்டுக்கு நான் குயின் ஜோடியையும் கவிழ்த்திருக்கிறேன், இனியும் கவிழ்ப்பேன்.

அறிகுறி: இருக்கை, அளவு, மீதம் மூன்றும் சரி, ஆனாலும் தோற்கிறேன்

ஏஸ் ஜோடியும் கிங் ஜோடியும் முழுவதையும் வைத்து மோதினால் நூற்றுக்கு 18 முறை கிங் ஜோடிதான் வெல்லும். அந்த 18 முறைகளில் ஒன்று உங்களுக்கு நேர்ந்திருந்தால் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அது அந்த 18இல் ஒன்றா, பிழையா என்பதை நினைவை நம்பி முடிவு செய்ய இயலாது. தோற்ற கையை மனம் எப்போதும் வேறு விதமாகவே நினைவு வைத்துக்கொள்கிறது. எங்கள் மாடியில் இதற்காகவே ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். ரீரைஸ் செய்தவர் ஃப்ளாப் திறக்கும் முன்பே, திறந்தவரின் இருக்கை, தன் இருக்கை, உயர்த்திய அளவு, இருவரில் குறைவாக வைத்திருப்பவரின் மீதம், எந்தக் கைகள் கால் செய்யும் என்று எதிர்பார்க்கிறார் என்ற ஐந்தையும் அதில் எழுதிவிட வேண்டும். தன் சீட்டு எது என்பதைக் கை முடிந்த பிறகு சேர்த்தால் போதும். எழுதி முடிக்கும் வரை சீட்டுப் போடுகிறவர் கட்டைத் தொடுவதில்லை. ஐந்தாவது கட்டத்தில் எழுத ஒன்றும் தோன்றாமல் பேனாவோடு உட்கார்ந்திருப்பவரிடம், அந்தக் கையில் வென்றாலும் தோற்றாலும், மறுவாரம் நாங்கள் முதலில் பிரித்துப் பார்ப்பது அந்த வரியைத்தான்.